வகுப்பு வாட்ஸ்அப் குழுவா, பள்ளி ஆப்பா, டைரியா? தருமபுரி, கிருஷ்ணகிரித் தொடக்கப் பள்ளிகளுக்கு ஓர் எடைபோடல்

இந்த இரண்டு மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் வீட்டுக்குச் செய்தி போகிற வழிகள் நான்கு. வகுப்பு வாட்ஸ்அப் குழு, குறுஞ்செய்தி, தனியார் பள்ளிகள் காசு கொடுத்து வாங்குகிற ஆப், பழைய டைரி. நான்கையும் ஒரே கேள்வியால்தான் இங்கே எடை போடுகிறோம்: இரவு அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கிற ஆளுக்கு, பகலில் பள்ளியில் அதற்கு என்ன நடந்தது என்று தெரிந்ததா?

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. நம் பக்கம், பள்ளிப் பதிவேட்டில் எண் இருக்கிற ஆள் வேறு, குழந்தையை வைத்திருக்கிற ஆள் வேறு. பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கம் அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மாவும் கூடவே போயிருப்பார், அல்லது இருவரும் திருப்பூரில். பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். ஓசூர்ப் பக்கம் அம்மா கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர். இரண்டாம் ஷிப்ட் என்றால் அவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் வீட்டில் இருக்கும் பாட்டி தெலுங்கு பேசும் அவ்வாவாகவோ கன்னடம் பேசும் அஜ்ஜியாகவோ இருப்பார், தமிழ் காதுக்குப் புரியும், எழுத்து தெரியாது. இவர்களுக்குப் போய்ச் சேராத செய்தி எத்தனை அழகான ஆப்பில் வந்தாலும் சேராத செய்திதான்.

முதலில் வாட்ஸ்அப் குழு. செலவில்லை, எல்லோருக்கும் பழக்கம், ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். ஆனால் தொடங்கின அன்றே சில அமைப்புகளை மாற்றாவிட்டால் இரண்டு மாதத்தில் அது வகுப்புக் குழுவாக இருக்காது. குழுவின் பெயரைத் தொட்டு, அனுமதிகள் பகுதியில் ‘செய்தி அனுப்புவது’ என்பதை அட்மின்களுக்கு மட்டும் என்று வையுங்கள். இதைச் செய்யாத குழுவில் காலை வணக்கப் படமும் பண்டிகை வாழ்த்தும் சேர்ந்து, ‘நாளை தண்ணீர் பாட்டில் கட்டாயம்’ என்ற ஒரு வரி முப்பது செய்திக்கு மேலே போய்விடும். பிறகு பெற்றோர் குழுவை மியூட் செய்வார்கள். மியூட் செய்த குழு செத்த குழு.

வாழ்த்துப் படத்தைவிடப் பெரிய ஆபத்து வதந்தி. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று பரவிய பொய்யால் 2018-இல் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்து, வயதான ஒரு அம்மா உயிரிழந்தார். பள்ளியின் பெயர் உள்ள குழுவில் அப்படி ஒரு செய்தி வந்தால், பள்ளியே சொன்னது போல ஆகிவிடும். இது ஒன்றுக்காகவே அட்மின் மட்டும் எழுதும் குழுவாக வைக்க வேண்டும். மழை விடுமுறையிலும் இதே சிக்கல்தான். ஐப்பசி, கார்த்திகையில் போன வருடத்து விடுமுறை அறிவிப்புப் படம் மறுபடி சுற்றும். ஆசிரியர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் கிழமை, தேதி, வகுப்பு மூன்றையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு குறை எண் தெரிவது. சாதாரணக் குழுவில் எல்லாருடைய போன் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பல அம்மாக்கள் தங்கள் எண்ணைத் தராமல் வீட்டுக்காரர் எண்ணைத் தருகிறார்கள், செய்தி பெங்களூருக்குப் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பிலேயே ‘கம்யூனிட்டி’ என்ற ஏற்பாடு உண்டு. அதன் அறிவிப்புக் குழுவில் ஒரு பெற்றோரின் எண் மற்றப் பெற்றோருக்குத் தெரியாது. வகுப்புக் குழுவை அங்கே மாற்றினால் அம்மாக்கள் சொந்த எண்ணைத் தருவதில் உள்ள தயக்கம் பெருமளவு போகும். ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ இதற்கு மாற்று என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் ஆசிரியரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்குச் செய்தி போகாது. ஆசிரியர் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், பாதி வீட்டுக்கு எட்டியிருக்காது.

ஆசிரியர் தன் சொந்த எண்ணைக் கொடுப்பதும் நல்லதில்லை. இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும், அவரும் மனுஷிதானே. பள்ளிக்கென்று ஒரு சிம், ஒரு பழைய போன், அது தலைமையாசிரியர் மேசையில். மாலை 4.30 முதல் 5.30 வரை பெற்றோர் அழைக்கலாம் என்று ஒரு நேரம். இது போதும்.

எழுத்தைவிடக் குரல் பதிவு நம் ஊருக்குப் பொருத்தம். வாட்ஸ்அப்பை இந்த ஒரு காரணத்துக்காகவே தூக்கி எறிய மனம் வராது. மைக் படத்தை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். 40 விநாடிக்கு மேல் போகக் கூடாது. ‘செவ்வாய்க்கிழமை, ஜூலை 8, இரண்டாம் வகுப்பு’ என்று தொடங்கி, இன்று செய்தது ஒன்று, நாளைக்கு வேண்டியது ஒன்று, இரண்டே விஷயம். ஓசூர்ப் பக்கத்து ஆசிரியர்களில் தெலுங்கோ கன்னடமோ தெரிந்தவர்கள் உண்டு. கடைசி வரியை அந்த மொழியில் சொல்லிவிட்டால் அவ்வாவுக்கும் அஜ்ஜிக்கும் நேரடியாகப் போய்ச் சேரும். சிக்னல் மெலிந்த மலை ஊர்களில் படமும் வீடியோவும் இறங்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும், 40 விநாடிக் குரல் இறங்கிவிடும். அதை அப்பா பெங்களூரிலிருந்து ஆயாவுக்குப் போன் போட்டு வாயால் சொல்லவும் எளிது.

செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று தெரியும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் பெயரும் குழுவில் தெரியவே செய்யும். ஆனால் அது எந்தப் போனில் திறக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. வீட்டில் சொல்லப்பட்டதா என்பதற்கு இல்லை. தவறாக எழுதிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு புதிதாக ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு அனுப்புவதுதான் முறை. பழையதை அழித்துவிட்டுப் போனால், அழிப்பதற்கு முன் படித்தவர் பழையதையே நம்பிக்கொண்டிருப்பார்.

படங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பிள்ளையின் முகம், பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர் நான்கும் ஒரே படத்தில் போகக் கூடாது. ஒரு பெற்றோர் அதை ஸ்டேட்டஸ் வைத்தால் அது ஊருக்கெல்லாம் போகும். பிரிந்து வாழும் குடும்பத்துப் பிள்ளை என்றால், யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கே போகும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. களிமண்ணில் செய்த யானை, சுவரில் ஒட்டிய ஓவியம், மண்ணில் விதை ஊன்றும் கைகள் என எடுத்தால் அம்மாவுக்குத் தன் பிள்ளையின் கை தெரியும், அடுத்தவருக்குத் தெரியாது.

குறுஞ்செய்தி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டன் போனுக்கும் போகும், நெட் வேண்டாம், அது பெரிய நன்மை. ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடமாக எண்ணப்படும். ‘நாளை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கே 4 இடம் போகும். மொத்தமாக அனுப்பும் செய்திக்கு வாசகத்தை முன்பே பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதனால் ‘உங்கள் மகன் இன்று வரவில்லை’, ‘நாளை விடுமுறை’ போன்ற முன்பே எழுதி வைத்த வாசகங்களுக்கு மேல் இதில் எதுவும் முடியாது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்ல இது கருவியே அல்ல.

ஆப்புகள் பல பெயரில் விற்கப்படுகின்றன, உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: வருகை, வீட்டுப்பாடம், கட்டண நினைவூட்டல், வண்டி எங்கே வருகிறது, புதிதாகச் சேர்த்த ‘மனநிலை’ப் பக்கம். வண்டி எங்கே என்று காட்டுவது உண்மையிலேயே பயனுள்ளது, ராயக்கோட்டைச் சாலையில் பிள்ளைக்காகக் காத்து நிற்கிற ஆயாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொல்லலாம். மனநிலைப் பக்கம்தான் ஏமாற்றம். முப்பது பிள்ளைக்கு முப்பது சிரிப்பு முகம் அழுத்த வேண்டியிருக்கிற ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே முகத்தை அழுத்திவிட்டுப் போவார். அது அவர் குற்றமல்ல, நேரம் இல்லை. தினமும் சிரிப்பு முகம் பார்க்கிற அம்மா, பிள்ளை அழுதுகொண்டு வந்த நாளில் எதை நம்புவார்?

நடைமுறையில் ஆப் கெடுகிற இடங்கள் இவை. ஓடிபி பதிவு செய்த எண்ணுக்குப் போகும், அந்த எண் அப்பாவிடம். ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள் நுழைய முடிகிற ஆப் நம் குடும்பங்களுக்கு உதவாது, மூன்று பேராவது நுழைய வேண்டும். விலை குறைந்த போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அறிவிப்பு மணி அடிக்காது. போன் அமைப்பில் அந்த ஆப்பின் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் சரியாகும், ஆனால் அதைச் செய்துகாட்ட ஒரு ஆள் வேண்டும். வாங்குவதற்கு முன் பள்ளி கேட்க வேண்டியது: முழுக்கத் தமிழில் வருமா, நெட் இல்லாத வீட்டுக்குக் குறுஞ்செய்தியாகப் போகுமா, பிள்ளை வேறு பள்ளிக்குப் போனதும் விவரங்கள் அழிக்கப்படுமா, அதை எழுத்தில் தருவார்களா. விற்பனையாளரின் புதுப் போனில் ஓட்டிப் பார்க்காதீர்கள். வகுப்பில் யாரிடம் மிகப் பழைய போன் இருக்கிறதோ அதில் ஓட்டிப் பாருங்கள்.

இனி டைரி. எங்கள் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறோம், மேலே சொன்ன கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்கிற ஒரே பொருள் இதுதான். காரணம் எளிது. டைரி பிள்ளையோடு போகிறது, பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறதோ அந்த வீட்டுக்கே போகிறது. ஆயாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லும். அப்பா தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் நான்கு மாதத்தை ஒரே உட்காரலில் புரட்டிப் பார்க்கலாம்.

அச்சடித்த பள்ளி டைரியை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. விதிமுறை, பிரார்த்தனை, விடுமுறைப் பட்டியல் என்று முதல் இருபது பக்கம் போய்விடும், ஒரு நாளுக்குக் கட்டம் கட்டி ‘வீட்டுப்பாடம்’ என்று அடித்திருப்பார்கள். அதில் வீட்டுப்பாடம் தவிர வேறொன்றும் வராது. கோடு போட்ட 80 பக்க நோட்டு போதும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள். பக்கத்துக்கு மூன்று நாள் என்று கோடு போட்டால் 67 பக்கம், மீதி 13 பக்கம் விவரங்களுக்கு. கெட்டி அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை. தண்ணீர் பாட்டில் ஒழுகி டைரி நனைவதுதான் இதற்கு வருகிற முதல் சாவு.

முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத உணவு அல்லது மருந்து, வலிப்பு, வீசிங் போன்றவை இருந்தால் அது. அதற்குக் கீழே இந்த மூன்று வரி கட்டாயம்: இரவில் யாரோடு இருக்கிறது, அவருடைய எண், மாலையில் அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள் பெயர். பெற்றோர் வேலைக்கு வெளியூர் போகிற ஒவ்வொரு முறையும் இந்த மூன்று வரியும் மாறும், அதனால் பென்சிலில் எழுத வேண்டும். பின் அட்டையின் உட்புறம் 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முதலாவது குழந்தைகளுக்கான 24 மணி நேர இலவச உதவி எண், இரண்டாவது தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

முப்பது பிள்ளைக்குத் தினமும் எழுத முடியுமா? முடியாது. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே முக்கால் மணி நேரம். டைரித் திட்டம் ஆகஸ்டில் நின்றுபோவது இந்தக் கணக்கைப் பார்க்காமல் தொடங்குவதால்தான். நாளுக்கு 6 பிள்ளை என்று பிரியுங்கள். வாரம் ஐந்து நாளில் 30 பேருக்கும் ஒரு முறை வந்துவிடும், 10 நிமிட வேலை. மதிய உணவு முடிந்ததும் எழுதிவிட வேண்டும், கடைசி மணியில் எழுதினால் அது ‘நன்று’ என்றுதான் முடியும். மற்ற 24 பேருக்கு அன்று ஒரு முத்திரை. தீப்பெட்டி அளவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், உள்ளே காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, தண்ணீர், விளையாட்டு என்று நான்கு சொல், பக்கத்தில் கட்டம். மூன்றாம் வகுப்புக்கு மேல் பிள்ளையே டிக் போடும், ஆசிரியர் கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

தண்ணீரை ஏன் சேர்த்தோம் என்றால், பல பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகத் தயங்கிப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். மாலையில் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு வருகிறது என்று இரண்டு நாள் தெரிந்தால் அம்மா கேட்பார், கேட்டால் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று தெரியவரும். அது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள், தயங்காமல் பேசலாம். காலைச் சாப்பாட்டுக் கட்டமும் அப்படித்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுக்கொள்ளும் என்று வீட்டில் நினைக்க, வீட்டில் சாப்பிட்டிருக்கும் என்று பள்ளியில் நினைக்க, தாமதமாக வருகிற பிள்ளை இரண்டும் இல்லாமல் மதியம்வரை உட்கார்ந்திருக்கும். ஒரு டிக் இதைக் கண்டுபிடிக்கும்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘நன்றாகப் படிக்க வேண்டும்’, ‘கவனம் தேவை’ இரண்டும் வீட்டில் அடி வாங்கித் தரும், வேறு பயன் இல்லை. பார்த்ததை எழுதுங்கள், வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சேருங்கள். ‘ர, ற தடுமாறுகிறது. இரவு கரி, கறி, மரம், மறம் என்று வாயால் ஐந்து தடவை சொல்லச் சொல்லுங்கள்’ என்றால் எழுத்து தெரியாத ஆயாவும் செய்வார். ‘மூன்று நாளாக முட்டையைத் தொடவில்லை, வயிறு வலிக்கிறது என்கிறாள்’ என்றால் அம்மா மருத்துவமனைக்குப் போவார். ‘இன்று புதிதாகச் சேர்ந்த பையனுக்குத் தன் பென்சிலைக் கொடுத்தான்’ என்று ஒரு வரி போனால் அந்த வீட்டில் அன்று இரவு வேறு முகம். இந்த மூன்றாவது வகை வரியை மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதாத டைரி குற்றப்பத்திரிகை ஆகிவிடும். பிறகு பிள்ளை அதை ஒளித்து வைக்கும்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் பல். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பற்களில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு தெரிகிற பிள்ளையை ‘பல் தேய்க்கவில்லை’ என்று வகுப்பில் சொல்வதும், வீட்டுக்கு அப்படி எழுதுவதும் தவறு. அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. எழுத வேண்டிய வரி: ‘பல்லில் திட்டு தெரிகிறது. வீட்டில் குடிப்பது போர் தண்ணீரா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா?’ கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு குறையாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த ஒன்றில் பல வீடுகள் ஏமாந்திருக்கின்றன.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டைரியில் போக வேண்டும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று சாப்பிடுவது, அன்று காய்ச்சல் உள்ள பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, விடுபட்டவர்களுக்குப் பிறகு ஒரு நாள் உண்டு. முன்பே சொல்லாவிட்டால், சாதாரணமாக வரும் லேசான வயிற்று வலிக்கே ஊர் கூடிப் பள்ளி வாசலில் நிற்கும்.

தலையில் பேன், சிரங்கு, உடையில் சிறுநீர் போவது, மதிப்பெண், கட்டண பாக்கி இவை ஒன்றும் குழுவில் போகக் கூடாது. அந்தப் பிள்ளையின் டைரியில், மடித்து ஒட்டிய சீட்டில் போகட்டும். திடீரென்று பேச்சு நின்ற பிள்ளை, ஒரு குறிப்பிட்ட ஆளையோ வண்டியையோ கண்டு பயப்படுகிற பிள்ளை என்றால் சீட்டும் வேண்டாம், நம்பத்தகுந்த பெரியவரை நேரில் அழைத்துப் பேச வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். பள்ளியோ ஊர்ப் பெரியவர்களோ உட்கார்ந்து பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது.

டைரிக்கு ஒரே பெரிய பலவீனம் அவசரம். வீட்டிலிருந்து கிளம்பி வகுப்புக்கு வராத பிள்ளையைப் பற்றி டைரி சொல்லாது, ஏனென்றால் டைரியும் பிள்ளையோடுதான் இருக்கிறது. இங்கே போன் மட்டுமே. முதல் மணியில் வருகை எடுத்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்கு 10 மணிக்குள் அழைப்பு. முதல் எண் எடுக்காவிட்டால் இரவில் கூட இருப்பவரின் எண், அதுவும் இல்லையென்றால் அதே தெருப் பிள்ளையின் வீடு. குறுஞ்செய்தியோ குழுவோ இதற்கு உதவாது. யாரும் படிக்காமல் மதியம் ஆகிவிடும்.

ஆக டைரி தினமும், 40 விநாடிக் குரல் மாலை 5.30-க்கு, அவசரத்துக்கு அழைப்பு. ஆப் வாங்கியே தீர வேண்டும் என்ற பள்ளி வண்டி பார்ப்பதற்கு மட்டும் வாங்கட்டும்.

உங்கள் பள்ளியில் எது எட்டுகிறது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு, ஜூன் இரண்டாம் வாரத்தில் செய்யலாம். திங்கட்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் மட்டும் ‘நாளை ஒரு மாவிலை கொடுத்து அனுப்பவும்’ என்று போடுங்கள், வகுப்பில் சொல்லாதீர்கள். செவ்வாய் மாலை பள்ளிப் போனிலிருந்து தனித்தனியாக அனுப்பும் குறுஞ்செய்தியில் மட்டும் புளிய இலை. புதன் மாலை டைரியில் மட்டும் வேப்பிலை. மறுநாள் காலை யார் கையில் இலை இருக்கிறது என்று மூன்று நாளும் பெயர் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் எத்தனை வீடு என்பது வியாழன் காலை தெரிந்துவிடும். மூன்று நாளும் வெறுங்கையோடு வந்த பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, அந்தச் சனிக்கிழமைக்குள் அந்த வீடுகளுக்கு நேரில் போய் முதல் பக்கத்து மூன்று வரியையும் பென்சிலில் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.